கரும்பு லோடு டிராக்டருக்கு எந்த லைசென்ஸ் வேண்டும்? 7,500 கிலோ கணக்கும் இன்ஷூரன்ஸ் சிக்கலும்!

செல்போனை ஸ்க்ரோல் செய்துகொண்டே போனால் அந்த வீடியோ எப்படியும் ஒருநாள் கண்ணில் பட்டுவிடும். ஒரு டிராக்டர். அதன் பின்னால், டிராக்டரைவிட உயரமாகக் கரும்பு அடுக்கிய டிரெய்லர். வயலிலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில் இன்ஜின் உறுமுகிறது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு அந்தரத்தில் எழும்புகின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயனில்லை என்று டிரைவருக்குத் தெரியும். வலது காலடியில் இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களை மாற்றி மாற்றி மிதித்தே வண்டியை வளைத்துச் சாலையில் ஏற்றிவிடுகிறார். பின்னணியில் மாஸ் பாட்டு. கீழே லைக்ஸ் குவிகிறது.

திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த நொடியில் எதிரே ஒரு பைக் வந்திருந்தால்? ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாத வண்டி அது. விபத்து நடந்த பிறகு போலீஸும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கேட்கப்போவது மூன்றே கேள்விகள். டிரைவரின் லைசென்ஸ் எந்த எடை வரைக்கும் செல்லும்? டிரெய்லரில் எவ்வளவு லோடு இருந்தது? டிரெய்லருக்கு ரெஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், நஷ்டஈட்டுத் தொகை கடைசியில் டிராக்டர் ஓனரின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். லட்சங்களில் வரும் தொகை அது. அந்த நிலத்தில் பத்து வருஷம் கரும்பு போட்டாலும் மீட்க முடியாத அளவுக்குக்கூடப் போகலாம்.

இரண்டு டன் இழுக்குது... பத்து டன் தள்ளுது!

சட்டத்துக்குப் போவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிடலாம். 50 குதிரைத்திறன் கொண்ட ஒரு டிராக்டரின் எடை சுமார் 2 டன். அதன் பின்னால் 10 டன் டிரெய்லரை மாட்டினால், தன்னைப்போல் ஐந்து மடங்கு எடையை அது இழுக்கிறது. இழுப்பதில் டிராக்டர் கெட்டி. கஷ்டமெல்லாம் நிறுத்துவதில்தான்.

நம் ஊர் விவசாய டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். டிரெய்லர்களில் பலவற்றுக்கு சொந்தமாக பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும். பின்னால் இருக்கும் 10 டன் நிற்காது. அது டிராக்டரை முதுகில் கைவைத்துத் தள்ளும். வண்டி கொஞ்சம் கோணலாக இருந்தால் போதும், டிராக்டரும் டிரெய்லரும் கதவுக் கீல்போல மடங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான்.

இன்னொரு விஷயம், டிராக்டர் ஓட்டாதவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த இரண்டு பிரேக் பெடல்களும் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று. உழவின்போது வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்கான ஏற்பாடு அது. சாலைக்கு வரும்போது இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னக் கொண்டி இருக்கும். வயலிலிருந்து நேராக ரோட்டுக்கு வரும் அவசரத்தில் அதை மாட்ட மறந்தால், லோடோடு போகும்போது ஒரு பெடல் மட்டும் அழுந்தி வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

7,500 கிலோ... எந்த எடை அது?

லைசென்ஸ் விஷயத்தில் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 போட்டிருக்கும் கோடு 7,500 கிலோ. அதுவரை ‘எல்.எம்.வி.’ எனப்படும் இலகுரக வாகனம். அதற்கு மேலே போனால் ‘டிரான்ஸ்போர்ட்’ லைசென்ஸ், அதாவது பேச்சுவழக்கில் ‘ஹெவி’.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால், எதன் எடை என்பதில்தான் இருபது வருஷ வழக்குகளே ஓடியிருக்கின்றன. ஒரு வண்டிக்கு மூன்று எடைகள் உண்டு. காலி வண்டியின் எடை ஒன்று. வண்டியும் அனுமதிக்கப்பட்ட லோடும் சேர்ந்து, ஆர்.சி. புக்கில் பதிவாகியிருக்கும் மொத்த எடை இரண்டாவது. எடைமேடையில் ஏற்றும்போது உண்மையில் காட்டும் எடை மூன்றாவது. சட்டம், சரக்கு வண்டிகளுக்கும் பேருந்து வகை வண்டிகளுக்கும் இரண்டாவது எடையைப் பார்க்கிறது. கார், டிராக்டர், ரோடு ரோலருக்கு முதல் எடையை, அதாவது காலி எடையை மட்டும் பார்க்கிறது. மூன்றாவது எடை, லைசென்ஸுக்கு அல்ல, அபராதத்துக்கு.

டாடா ஏஸ், பொலிரோ பிக்கப், 407 போன்ற வண்டிகளின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள்தான் வரும். அப்படியிருந்தும், அவை வாடகைக்கு ஓடும் வண்டிகள் என்பதால் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதாது, ‘பேட்ஜ்’ வேண்டும் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முதலில் தேடியது இந்த பேட்ஜைத்தான். அது இல்லையென்றால், ‘டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லை’ என்று கைவிரித்துவிடுவார்கள்.

2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஒரு முடிவு சொன்னது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியும் இலகுரக வாகனமே, எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் ஓட்டலாம். அதைப் பின்பற்றி 2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிப் போராடி, வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை கொண்டுபோனார்கள். 2024 நவம்பர் 6-ல், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அந்த அமர்வும் அதையே ஒருமனதாக உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹ்ரிஷிகேஷ் ராய். எல்.எம்.வி. லைசென்ஸ்காரர்கள் சிறிய சரக்கு வண்டிகளை ஓட்டுவதுதான் விபத்துகளுக்குக் காரணம் என்று காட்டும் புள்ளிவிவரம் எதையும் யாரும் நீதிமன்றத்தில் வைக்கவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஸ்டீயரிங் பிடித்தே வயிற்றைக் கழுவும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

சரி, டிராக்டருக்கு?

வழக்கமான விவசாய டிராக்டர் எதுவும் காலி எடையில் 7,500 கிலோவை நெருங்காது. ஆகவே எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். பின்னால் டிரெய்லரை மாட்டினால்? இதற்கு 2001-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கல் ஏற்றிய டிரெய்லரோடு போன டிராக்டர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. டிராக்டர் ஓட்ட முறையான லைசென்ஸ் வைத்திருப்பவர், டிரெய்லரை மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்றது நீதிமன்றம். அப்படிப் பார்த்தால் சொந்தக் காரின் மேல் கேரியர் வைத்துச் சாமான் ஏற்றுகிறவரும் லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிடுவாரே என்றும் கேட்டது.

இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். லைசென்ஸ் மட்டும்தான் இங்கே பாஸ். மற்ற பேப்பர்கள் வேறு கதை.

சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் தனி மோட்டார் வாகனம். அதற்குத் தனி ரெஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஊர் லேத் பட்டறையில் அடித்து, பெயின்ட் பூசி, முன்னால் மாலை போட்டு, அப்படியே ஓட்ட ஆரம்பித்த டிரெய்லர்கள் எத்தனையோ! அவை பேப்பரில் பிறக்கவே இல்லை. அடுத்தது, பயன்பாடு. சொந்த நிலத்துக் கரும்பையும் நெல்லையும் கொண்டுபோகும் வரை அது விவசாய டிராக்டர். அதே வண்டியில் வாடகைக்கு மணல், செங்கல், எம்-சாண்ட் ஏற்றினால் அது சரக்கு வாகனம், பர்மிட் வேண்டும். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் சரக்கு வாகனமே என்று 2005-ல் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விவசாய டிராக்டரின் பாலிசியிலோ பெரும்பாலும் ‘விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கும். வருஷத்தில் நான்கு மாதம் கரும்பு, மீதி நாட்களில் செங்கல் என்று ஓட்டுகிற ஓனர்கள் பாலிசியின் அந்த ஒரு வரியை எடுத்துப் படிப்பது நல்லது. ரெகுலராக வாடகைக்கு ஓட்டுகிற டிரைவர் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸும் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்பது வேறு, கோர்ட்டுக்கே போகாமல் இருப்பது வேறு.

செங்கல் சூளைக்கு மண் ஏற்றும் டிராக்டர் ஒன்றில் நடந்ததைப் பாருங்கள். டிரெய்லரில் உட்கார்ந்து போன கூலித் தொழிலாளி ஒருவர் படுகாயமடைந்து ஊனமானார். டிராக்டர் விவசாயத்துக்கென்று இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருந்தது. டிரெய்லருக்கு இன்ஷூரன்ஸே இல்லை. 2007-ல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே சொன்னது. ஆனாலும், ஏழைத் தொழிலாளி என்பதால் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. தொழிலாளிக்கு வழி கிடைத்தது. பில் ஓனருக்குப் போனது.

டிராக்டரில் சீட் ஒன்றுதான், டிரைவருக்கு. மட்கார்டில் உட்காருகிறவருக்கும், டிரெய்லரில் ஏறித் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கும் அந்த பாலிசியில் இடமில்லை. 2022 அக்டோபர் 1-ம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டுக் கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான்.

பையனிடம் வண்டியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு தகவல். டிராக்டர் லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 20. அதற்கும் முன்னால் ஒரு வருஷமாவது எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். 18 நிறையாத பையன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுகள் வரை சிறை. வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது. ‘எங்க பையன் பத்தாவது படிக்கும்போதே டிராக்டர் ஓட்டுவான்’ என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

டன்னுக்கு 2,000 ரூபாய்!

ஓவர்லோடு அபராதம் முன்பு 2,000 ரூபாயில் ஆரம்பித்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்லும் தொகை 20,000. அதோடு, கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு டிரெய்லருக்கு அனுமதி 6 டன், ஏற்றியிருப்பது 11 டன் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 20,000, கூடுதல் 5 டன்னுக்கு 10,000, மொத்தம் 30,000 ரூபாய். அதிக லோடை இறக்கிவைக்கும் வரை வண்டி நகரக் கூடாது. இறக்கும் கூலியும் அவர் தலையில்தான். லோடு பக்கவாட்டில் பிதுங்கினாலோ, உயரம் மீறினாலோ அதற்குத் தனியாக 20,000. எடை போட நிற்காமல் ஓடினால் 40,000.

கரும்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மணல் லாரிக்காரர் எடைமேடையைக் கண்டால் ஒதுங்கிப்போவார். கரும்பு டிராக்டரோ தானே தேடிப்போய் எடைமேடையில் ஏறுகிறது. ஆலையில் எடை போட்டால்தானே விவசாயிக்குப் பணம்! முண்டியம்பாக்கம், மூங்கில்துறைப்பட்டு, சேத்தியாத்தோப்பு என்று எந்த ஆலைப் பக்கம் போனாலும் சீசனில் சாலையோரம் நீளும் வரிசையைப் பார்க்கலாம். ஒவ்வொரு வண்டியும் எத்தனை டன் ஏற்றி வந்தது என்பது அச்சடித்த ரசீதாக வெளியே வருகிறது. ஓவர்லோடுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? ஆனால், டன் கணக்கில் வாடகை பேசும் வரை, ஒரே நடையில் அதிகமாக ஏற்றத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வெட்டுக்கூலி, வண்டி வாடகை என்று ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் விவசாயியிடம் ‘இரண்டு நடையாக அடிங்க’ என்று சொல்வது எளிது. டீசல் யார் போடுவது? அளவுக்கு மீறி ஏற்ற அனுமதிப்பவரும் குற்றவாளியே என்கிறது சட்டம். மாட்டுவதென்னவோ எப்போதும் டிரைவரும் ஓனரும்தான்.

55 டன்னுக்கும் அதே லைசென்ஸ்தான்

நாமக்கல், சங்ககிரி பக்கத்து டிரெய்லர் லாரிகள் வேறு உலகம். 2018 ஜூலையில் மத்திய அரசு கனரக வண்டிகளின் ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியபோது, அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாகக் கூடியது. காற்றாலை இறக்கை, மின்மாற்றி போன்ற அளவு மீறிய சரக்குகளுக்கு நெடுஞ்சாலைத் துறையின் முன் அனுமதி வாங்கித்தான் போக முடியும். வழியிலுள்ள பாலங்கள் தாங்குமா என்பதும் அதில் அடக்கம்.

ஆனால், லைசென்ஸ்? சட்டத்தில் 7,500 கிலோவுக்கு மேல் எல்லாமே ஒரே ‘டிரான்ஸ்போர்ட்’ வகைதான். இரண்டு ஆக்ஸில் லாரியில் டெஸ்ட் கொடுத்துத் தேறியவர், மறுநாளே 55 டன் டிரெய்லரில் ஏறி உட்காரச் சட்டத்தில் தடையில்லை. டிரைவிங் ஸ்கூலில் விதிப்படி 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது என்பது தனிக் கலை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் பின்பகுதி வலது பக்கம் போகும். இதையெல்லாம் டிரைவர்கள் கற்றுக்கொள்வது கிளீனராக இருந்த வருஷங்களில், குருநாதர் டிரைவரிடம் திட்டு வாங்கித்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். காஸ், பெட்ரோல், ரசாயனம் ஏற்றுவதென்றால் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிக் குறிப்பும் வேண்டும்; அதை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பிரிட்டனில் லாரிக்கு ஒரு வகை, லாரியோடு பெரிய டிரெய்லருக்கு இன்னொரு வகை என்று பிரித்து, தனி டெஸ்ட் வைக்கிறார்கள். கார்களுக்கும் அப்படித்தான் இருந்தது. 1997 ஜனவரி 1-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்கப் பொதுவாகத் தனி டெஸ்ட் எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16-ல் அந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ டிரெய்லர் வரை இழுக்கலாம். ஆனால், 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு சொந்த பிரேக் கட்டாயம் என்ற விதி அப்படியே இருக்கிறது. டெஸ்ட்டில் விட்டுக்கொடுத்தவர்கள் பிரேக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. நம் டிரெய்லர்களைப் பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது.

போனிலேயே பார்க்கலாம்

இதையெல்லாம் சரிபார்க்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டாம். எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் ஆப்பில் ஆர்.சி.யைத் திறந்தால் காலி எடை, லோடோடு அனுமதிக்கப்பட்ட எடை இரண்டும் இருக்கும். டிரைவரின் லைசென்ஸில் எல்.எம்.வி. மட்டும் இருக்கிறதா, ‘டிரான்ஸ்’ என்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ‘டிரான்ஸ்’ இருந்தால் அதன் காலாவதித் தேதி தனியாக இருக்கும், எல்.எம்.வி.க்கு இன்னும் பத்து வருஷம் இருக்கும்போது இது முடிந்துபோயிருக்கலாம். பாலிசியில் டிரெய்லரின் நம்பர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட்டுக்கு உடனே ஒரு போன்.

வண்டியில் பார்க்க வேண்டியவையும் கொஞ்சம்தான். டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் பின் நழுவாமல் இருக்க அதன் அடியில் பூட்டு ஊசி. பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஒளிரும் ஸ்டிக்கர். கரும்புத் தோகை தொங்கி அதை மறைத்தால் ஒட்டியும் பயனில்லை. இரவில் இருட்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருக்கும் லோடு டிரெய்லர், பின்னால் வரும் பைக்காரருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். பிரேக் பெடல்களை இணைக்கும் அந்தக் கொண்டியையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆப்பில் டிராக்டர் நம்பரை அடித்தால் விவரம் உடனே வந்துவிடும். அப்படியே டிரெய்லரின் பின்பக்கம் போய், அதன் நம்பரையும் அடித்துப் பாருங்கள். அடிப்பதற்கு அங்கே நம்பரே எழுதியிருக்கவில்லை என்றால், அடுத்த லோடுக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.